சோதனைத் தரவுத்தளம் பெயரளவில் பிரிந்தால் போதுமா?

திருமண மண்டப முன்பதிவுக்கான வலைச்செயலி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். அது பைதான் மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதப்பட்டது; தரவுகள் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் இருக்கின்றன. ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே மண்டபத்தை இரண்டு குடும்பங்களுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பதே அந்தச் செயலி காப்பாற்ற வேண்டிய முதல் வாக்கு. பத்திரிகை அச்சடித்து உறவினர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, "அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விட்டது" என்று சொன்னால் அதைத் திருத்த எந்த மென்பொருளாலும் முடியாது. அதனால் நிரலில் எங்கே கை வைத்தாலும், எல்லாத் தானியங்கிச் சோதனைகளும் தேறிய பிறகே அந்த மாற்றத்தை லைவ் சர்வருக்கு, அதாவது உண்மையான முன்பதிவுகள் நடக்கும் கணினிக்கு, அனுப்புகிறோம். அந்தச் சோதனைகள் எந்தத் தரவுத்தளத்தின் மீது ஓடுகின்றன, அதை எப்படி அமைத்திருக்கிறோம், ஏன் அப்படி அமைத்திருக்கிறோம் என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

தானியங்கிச் சோதனை என்பது செயலியை இயக்கிச் சரிபார்க்கும் நிரல். அது தரவுத்தளத்தைப் படித்துப் பார்த்துவிட்டு மட்டும் போவதில்லை. அது எழுதும், திருத்தும், அழிக்கும். முந்தைய சோதனை விட்டுச்சென்ற தரவு வரிகள் அடுத்த சோதனையின் முடிவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக அட்டவணைகள் திரும்பத் திரும்பக் காலி செய்யப்படும். ஆக, அழிப்பது அதன் அன்றாட வேலை. அப்படிப்பட்ட ஒன்றை உண்மைத் தரவுகளிடமிருந்து பிரித்து வைக்கும்போது இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும் என்று நான் கருதுகிறேன். சோதனைத் தரவுத்தளம் இடத்தால் லைவ் தரவுத்தளத்திலிருந்து முற்றிலும் விலகியிருக்க வேண்டும். இயல்பால் முற்றிலும் அதைப் போலவே இருக்க வேண்டும். நடைமுறையில் பல குழுக்களில் இது தலைகீழாக இருக்கிறது. வகை வேறாக இருக்கிறது, இடம் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

இடத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். ஜாங்கோவில் நாம் எதையும் தனியாக எழுதாமலே பாதி வேலை நடந்துவிடுகிறது. டெஸ்ட் கட்டளையைக் கொடுத்ததும், செயலியின் அமைப்புகள் எழுதப்பட்ட செட்டிங்ஸ் கோப்பில் உள்ள தரவுத்தளப் பெயரின் முன்னால் 'டெஸ்ட்' என்ற முன்னொட்டைச் சேர்த்து, அந்தப் பெயரில் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அட்டவணைகளை அமைக்கும் மைக்ரேஷன்கள் அனைத்தையும் அதில் ஓட்டி, சோதனைகள் முடிந்ததும் அதை அழித்துவிடுகிறது. இது நல்ல ஏற்பாடு. ஏற்கெனவே இருக்கும் தரவுத்தளத்தைத் துடைத்துப் பயன்படுத்தும் முறைகளைவிட, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும் இந்த முறை பாதுகாப்பானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் போஸ்ட்கிரெஸ்ஸைப் பொறுத்தவரை இங்கே மாறுவது தரவுத்தளத்தின் பெயர் மட்டுமே. சர்வர் முகவரி, இணைப்பு எண்ணான போர்ட், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகிய அனைத்தும் செட்டிங்ஸில் உள்ளபடியே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. செட்டிங்ஸ் லைவ் சர்வரைச் சுட்டிக்கொண்டிருந்தால், சோதனைத் தரவுத்தளமும் அதே லைவ் சர்வரில்தான், அதே பயனரின் அதிகாரத்தோடுதான் உருவாகும்.

இதிலிருந்து இன்னொரு சிக்கலும் கிளைக்கிறது. புதிய தரவுத்தளத்தை உருவாக்க, அந்தப் பயனருக்கு, அதாவது போஸ்ட்கிரெஸ்ஸின் சொல்லில் அந்த ரோலுக்கு, தரவுத்தளம் உருவாக்கும் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாவிட்டால் சோதனை தொடக்கத்திலேயே நின்றுவிடும். பிழைச் செய்தியைப் பார்த்தவுடன் செயலியின் ரோலுக்கே அந்த அனுமதியைக் கொடுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் சில, எதையும் செய்யக்கூடிய சூப்பர்யூசர் அதிகாரத்தையே கொடுக்கச் சொல்கின்றன. முன்பதிவுகளைப் படிக்கவும் எழுதவும் மட்டும் தேவைப்படும் ஒரு ரோலுக்குத் தரவுத்தளங்களை உருவாக்கும் உரிமை எதற்கு என்று ஒரு கணம் கேட்டுப் பார்த்தால், சோதனைக்குத் தனி ரோல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தே தீர வேண்டும்.

இந்த ஆபத்து கற்பனையன்று என்பதற்கு வெளிப்படையாகப் பதிவான நிகழ்வுகள் உள்ளன. 2010 நவம்பரில், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளம் சில மணி நேரம் முடங்கியது. உள்ளமைவுப் பிழை ஒன்றினால் அவர்களுடைய சோதனைத் தொகுப்பு லைவ் தரவுத்தளத்தின் மீது ஓடி, அதை அழித்து மறுபடி உருவாக்கிவிட்டது. காப்புப் பிரதியிலிருந்துதான் மீட்டார்கள். 2018 மார்ச்சில், தானியங்கிச் சோதனைகளை ஓட்டித் தரும் டிராவிஸ் சிஐ நிறுவனத்தில் நடந்தது இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டியது. லைவ் தரவுகளைப் பார்ப்பதற்காக கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் ஒரு டெர்மினலில், தரவுத்தள முகவரியைச் சூழல் மாறியாக, அதாவது அங்கே ஓடும் நிரல்கள் படித்துக்கொள்ளும் மதிப்பாக, வைத்திருந்தார்கள். பின்னர் அதே டெர்மினலில் சோதனைகள் ஓட்டப்பட்டன. சோதனைகளுக்கு முன் அட்டவணைகளைக் காலி செய்யும் 'டேட்டாபேஸ் கிளீனர்' என்ற நூலகம், தனக்குக் கொடுக்கப்பட்ட வேலையைச் சரியாகச் செய்து, லைவ் தரவுத்தளத்தின் அட்டவணைகளைக் காலி செய்தது. உண்மையான தகவல்களோடு, ஒளிவுமறைவின்றி, என்ன நடந்தது என்பதை அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மையால் பயன்பெற்றவர்கள் பலர். தொலைவிலுள்ள தரவுத்தள முகவரியையோ புரொடக்ஷன் எனப்படும் லைவ் சூழலையோ கண்டால் ஓட மறுக்கும் பாதுகாப்பு, அதன் பிறகு அந்த நூலகத்திலேயே சேர்க்கப்பட்டது. ஜாங்கோவைப் போன்ற ரூபி மொழிக் கட்டமைப்பான ரெயில்ஸ் அதற்கு முன்பே, 2016-இல் வந்த 5-ஆம் பதிப்பில், தரவுத்தளத்துக்குள்ளேயே ஒரு சிறு அட்டவணையை வைத்து, "இது எந்தச் சூழலுக்கு உரியது" என்று அதில் எழுதி வைக்கத் தொடங்கியிருந்தது. புரொடக்ஷன் என்று குறித்த தரவுத்தளத்தை அழிக்கும் கட்டளையை அது ஏற்காது.

டிராவிஸ் நிகழ்வில் யாரையும் கவனக்குறைவு என்று குற்றம் சொல்வது எளிது, பயனற்றது. உள்ளமைவுகளைச் சூழல் மாறிகளில் வைக்க வேண்டும் என்பது இன்று எல்லோரும் பின்பற்றும் வழக்கம்; லைவ் சர்வருக்கு அதுவே சரி. ஆனால் சூழல் மாறி கண்ணுக்குத் தெரியாது. திரையில் திறந்திருக்கும் இரண்டு டெர்மினல்களில் எதில் எந்த முகவரி இருக்கிறது என்பது, கேட்டுப் பார்த்தாலொழிய, வெளியே தெரிவதில்லை. ஆகவே எங்கள் செயலியில் சோதனைக்கென்று தனி செட்டிங்ஸ் கோப்பு வைத்திருக்கிறோம். அந்தக் கோப்பு தரவுத்தள முகவரிக்காக எந்தச் சூழல் மாறியையும் படிப்பதில்லை. லோக்கல்ஹோஸ்ட் (அதே கணினி), 5433 என்ற போர்ட், சோதனைக்கே உரிய ரோல், அதன் கடவுச்சொல் ஆகியவை அதில் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதலாமா என்று கேட்பார்கள். அந்தக் கடவுச்சொல்லால் திறக்கக்கூடிய ஒரே பெட்டி காலிப் பெட்டி என்பதால் எழுதலாம் என்பதே என் பதில். போஸ்ட்கிரெஸ்ஸின் வழக்கமான போர்ட் 5432. அதை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம்.

கோப்பும் போர்ட்டும் இருந்தாலும், உண்மையான காவல் தரவுத்தள சர்வரில்தான் இருக்க வேண்டும். சோதனை ரோல் லைவ் சர்வரில் இல்லவே இல்லை. அந்தப் பெயரோடு அங்கே போய்க் கதவைத் தட்டினால் உள்ளே விட ஆளில்லை. யார் எங்கிருந்து இணையலாம் என்று விதிக்கும், லைவ் சர்வரின் எச்பிஏ கோப்பில், செயலி ஓடும் சர்வரின் முகவரியிலிருந்து, செயலியின் ரோலுக்கு மட்டுமே இணைப்பு அனுமதி உண்டு. ஒரே போஸ்ட்கிரெஸ் சர்வரில் பல தரவுத்தளங்களை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். புதிதாக உருவாக்கப்படும் எந்தத் தரவுத்தளத்திலும், இணைவதற்கான உரிமை 'பப்ளிக்' என்ற பெயரில் எல்லா ரோல்களுக்கும் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டிருக்கும். அட்டவணைகளைத் தொட முடியாவிட்டாலும் உள்ளே நுழைய முடியும். அந்த உரிமையை 'ரிவோக்' கட்டளையால் பறித்து, வேண்டிய ரோல்களுக்கு மட்டும் மறுபடி கொடுக்க வேண்டும். அதோடு, ஒரு தரவுத்தளத்தை அழிக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கும் சூப்பர்யூசருக்கும் மட்டுமே உண்டு. ஆகவே, யாராவது செட்டிங்ஸில் சோதனைத் தரவுத்தளத்தின் பெயரை லைவ் தரவுத்தளத்தின் பெயராகவே எழுதிவிட்டாலும், "இது ஏற்கெனவே இருக்கிறது, அழிக்கட்டுமா?" என்று ஜாங்கோ கேட்கும் கேள்விக்கு அவசரத்தில் 'யெஸ்' என்று தட்டிவிட்டாலும், அல்லது கேள்வியே கேட்காதபடி கட்டளையை அமைத்திருந்தாலும், சோதனை ரோலால் அதை அழிக்க இயலாது. மனிதருடைய நினைவாற்றலை நம்பாமல் சர்வரின் மறுப்பை நம்பும் நிலை இதுவே.

இடத்தின் பிரிவு முழுமையானால் இன்னொரு ஓட்டையும் தானாகவே அடைபடுகிறது. பைதான் நிரலில் மாட்யூல், அதாவது ஒரு நிரல் கோப்பு, ஏற்றப்படும் நேரத்திலேயே தரவுத்தளத்தைக் கேட்கும் வரிகள் சில சமயம் இருக்கும். மண்டபங்களின் பட்டியலை எடுத்துப் படிவத்தின் தேர்வுப் பெட்டியில் நிரப்பும் வரி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோதனைத் தரவுத்தளம் உருவாவதற்கு முன்பே அந்த வரி ஓடிவிடும் என்பதால், அது கேட்பது சோதனைத் தரவுத்தளத்தையன்று, செட்டிங்ஸில் உள்ள அசல் தரவுத்தளத்தை. ஜாங்கோவின் ஆவணமே இதை எச்சரிக்கிறது. அசல் என்ற இடத்தில் லைவ் தரவுகள் இருந்தால், அவை சத்தமில்லாமல் சோதனைக்குள் கசியும். எங்கள் ஏற்பாட்டில் அந்த இடத்தில் அட்டவணைகளே இல்லாத ஒரு தரவுத்தளம் இருக்கிறது. அத்தகைய வரி எழுதப்பட்ட அன்றே பிழையாக வெளிப்பட்டுவிடுகிறது.

இனி இயல்பைப் பற்றி. சோதனைக்கு மட்டும் எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தள மென்பொருளை வைத்துக்கொள்ளலாம் என்பது மிகவும் பரவலான அறிவுரை. நிறுவ வேண்டிய சர்வர் இல்லை, நினைவகத்திலேயே ஓடும், வேகமாக முடியும். எஸ்க்யூலைட் மிகச் சிறந்த மென்பொருள். நம் ஒவ்வொருவரின் கைப்பேசியிலும் அது இருக்கிறது. லைவ்விலும் எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்துபவர்கள் சோதனைக்கும் அதையே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் லைவ்வில் போஸ்ட்கிரெஸ் ஓடும்போது எஸ்க்யூலைட்டில் சோதிப்பது, நாம் ஒருபோதும் பயன்படுத்தப்போகாத ஒரு தரவுத்தளத்தில் செயலி சரியாக ஓடுகிறது என்று உறுதி செய்துகொள்வதே ஆகும்.

எங்கள் செயலியின் உயிர்நாடியான விதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முன்பதிவு என்பது ஒரு தேதி அல்ல. ஒரு கால இடைவெளி. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், பிற்பகல் மண்டபத்தைக் காலி செய்தல் என்று அது இரண்டு நாள்களில் நீளும். ஒரு குடும்பம் பிற்பகல் 3 மணிக்குக் காலி செய்தால், அடுத்த குடும்பம் அதே 3 மணிக்கு உள்ளே வரலாம். 2:30-க்கு வர முடியாது. போஸ்ட்கிரெஸ்ஸில் இதை ஒரு நேர வீச்சாகச் சேமித்து, தொடக்கத்தை உள்ளடக்கியும் முடிவை விலக்கியும் எல்லை வகுத்து, "ஒரே மண்டபத்துக்கு ஒன்றின்மேல் ஒன்று படியும் இரு வீச்சுகள் இருக்கக் கூடாது" என்ற விலக்குக் கட்டுப்பாட்டை அட்டவணையிலேயே விதித்துவிடலாம். இரண்டாவது முன்பதிவை எழுத முயன்றால் தரவுத்தளமே மறுத்துவிடும். ஜாங்கோ 3.0 முதல் இந்தக் கட்டுப்பாட்டை மாடலிலேயே எழுதலாம். எஸ்க்யூலைட்டில் இப்படியொரு கட்டுப்பாடு கிடையாது. நேர வீச்சு என்ற தரவு வகையும் கிடையாது. ஆகவே எஸ்க்யூலைட்டில் சோதிக்க வேண்டுமென்றால், செயலியின் மிக முக்கியமான விதியைத் தரவுத்தளத்திலிருந்து பிடுங்கி, பைதான் நிரலில் ஒரு இஃப் (நிபந்தனை) வரியாக வைக்க வேண்டியிருக்கும். சோதனையின் வசதிக்காக அசலைப் பலவீனப்படுத்துவதை நான் ஏற்கவில்லை.

அந்தக் கட்டுப்பாட்டுக்கு 'பிட்ரீ ஜிஸ்ட்' என்ற நீட்சி, அதாவது போஸ்ட்கிரெஸ்ஸில் கூடுதலாகச் சேர்க்கும் வசதி, தேவை. அதை லைவ் சர்வரில் கையால் நிறுவிவிட்டு மறந்துவிட்டால், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் சோதனைத் தரவுத்தளத்தில் அது இருக்காது. மைக்ரேஷன் பாதியில் நிற்கும். அதனால் நீட்சியை நிறுவும் படியையும் ஒரு மைக்ரேஷனாகவே எழுதியிருக்கிறோம். போஸ்ட்கிரெஸ் 13 முதல் இந்த நீட்சி 'நம்பகமானது' என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதால், சூப்பர்யூசர் அதிகாரம் இல்லாத சோதனை ரோலே, தான் உருவாக்கிய தரவுத்தளத்தில் அதை நிறுவிக்கொள்ள முடியும்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வேறுபாடுகள் நேரடியாக உறைக்கும். முதலாவது நீளம். 'திருநாவுக்கரசு' என்ற பெயரை நாம் எண்ணினால் எட்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது பதினான்கு. பன்னிரண்டு என்று அகலம் வகுத்த ஓர் அட்டவணைப் பத்தியில் (நெடுவரிசையில்) அந்தப் பெயரை எழுத முயன்றால் போஸ்ட்கிரெஸ் பிழை எழுப்பி மறுக்கும். எஸ்க்யூலைட் அந்த அகலத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. எவ்வளவு நீளமானாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். படிவத்தின் வழியாக வரும் பெயரை ஜாங்கோவின் சரிபார்ப்பு தடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் பழைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து தட்டச்சு செய்த பட்டியலை மொத்தமாக ஏற்றும் நிரல், அந்தச் சரிபார்ப்பின் வழியாகப் போவதில்லை. அப்படிப்பட்ட நிரல் எஸ்க்யூலைட் சோதனையில் தேறும், லைவ்வில் விழும்.

இரண்டாவது அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், ழகரம் வகரத்துக்கு முன்பும் இருக்கின்றன. குறியெண் வரிசைப்படி அடுக்கினால் 'கமலா'வுக்கு முன்னால் 'கனகா' வரும், 'அவினாசி'க்கு முன்னால் 'அழகு' வரும். நம் அகரவரிசையில் இரண்டும் நேர்மாறு. எஸ்க்யூலைட்டின் இயல்பான வரிசை குறியெண் வரிசைதான். போஸ்ட்கிரெஸ்ஸில் மொழிவாரி விதிகளைத் தரும் ஐசியு நூலகத்தின் தமிழ் வரிசையைப் பத்திக்குக் குறிப்பிட்டால் சரியாக அடுக்கும். போஸ்ட்கிரெஸ்ஸே ஆனாலும் அதை ஓட்டத் தேவையானவற்றைக் கட்டித் தரும் டாக்கர் பிம்பங்களுக்குள் வேறுபாடு உண்டு: ஆல்பைன் வகைப் பிம்பத்தின் அடிப்படை நூலகத்துக்கு மொழிவாரி வரிசை தெரியாது, 15-ஆம் பதிப்பு முதல்தான் அதில் ஐசியு வரிசைகள் கிடைக்கின்றன. பிம்பம் சிறியதாக இருக்கிறதே என்று சோதனைக்கு மட்டும் ஆல்பைனை எடுத்துக்கொண்டால், முன்பதிவுப் பட்டியல் இரண்டு இடங்களில் இரண்டு விதமாக அடுக்கப்படலாம். எந்தப் பத்தி பயனரின் கண்முன் அகரவரிசையில் வருகிறதோ, அந்தப் பத்திக்கு வரிசையை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது.

சோதனைகள் ஒன்றையொன்று தொடாதபடி வைப்பதற்கு ஜாங்கோ இரண்டு வழிகளைத் தருகிறது. வழக்கமான டெஸ்ட்கேஸ் வகுப்பு ஒவ்வொரு சோதனையையும் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் (சேர்ந்தே நிற்கும் அல்லது சேர்ந்தே நீங்கும் மாற்றங்களின் தொகுதிக்குள்) ஓட்டி, முடிந்ததும் ரோல்பேக் செய்துவிடும், அதாவது மாற்றங்களைத் திரும்பப் பெற்றுவிடும். எதுவும் உண்மையில் கமிட் ஆவதில்லை, அதாவது நிலையாகப் பதிவதில்லை என்பதால் வேகமானது. பெரும்பாலான சோதனைகளுக்கு இதுவே போதும். ஆனால் அந்த வேகத்துக்குச் சில விலைகள் உண்டு. எங்கள் செயலியில் முன்பணம் பதிவானதும் குடும்பத்தாருக்கு எஸ்எம்எஸ் போகும். தரவு கமிட் ஆன பிறகே அனுப்ப வேண்டும் என்பதால் அதை 'ஆன் கமிட்' என்ற அழைப்பில் வைத்திருக்கிறோம். டெஸ்ட்கேஸில் கமிட்டே நிகழாததால் அந்த அழைப்பும் நிகழாது. ஜாங்கோ 3.2-இல் இதற்கென்று ஒரு வசதி வந்தது. அந்த அழைப்புகளைப் பிடித்து, சோதனைக்குள்ளேயே இயக்கிப் பார்க்க அது உதவுகிறது. பிறர் மாற்றாதபடி தரவு வரியைப் பூட்டும் 'செலக்ட் ஃபார் அப்டேட்' இன்னும் நுட்பமானது. டிரான்சாக்ஷனுக்கு வெளியே அதை அழைத்தால் லைவ்வில் பிழை எழ வேண்டும். சோதனையே டிரான்சாக்ஷனுக்குள் ஓடுவதால் அந்தப் பிழை எழாமல் தேறிவிடும். எஸ்க்யூலைட்டிலோ அந்தப் பூட்டுக்கு எந்த விளைவும் இல்லை. விலக்குக் கட்டுப்பாடு மறுக்கிறதா என்று சோதிக்கும்போது இன்னொன்றை நினைவில் கொள்ள வேண்டும். பிழை எழுந்த பிறகு போஸ்ட்கிரெஸ் அந்த டிரான்சாக்ஷன் முழுவதையும் கைவிட்டுவிடும், அடுத்த எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. ஆகவே மறுப்பை எதிர்பார்க்கும் அந்த ஒரு நிரல் வரியை மட்டும் உள்ளே ஒரு தனி அடாமிக் தொகுதிக்குள், அதாவது தனியே திரும்பப் பெறக்கூடிய பகுதிக்குள், வைக்க வேண்டும். ரோல்பேக் ஆனாலும் போஸ்ட்கிரெஸ்ஸின் வரிசை எண்கள் பின்னோக்கிப் போவதில்லை. முதல் முன்பதிவின் எண் 1 என்று எழுதி வைத்த சோதனை தனியாக ஓடும்போது தேறும், மற்றவற்றோடு சேர்ந்து ஓடும்போது விழும்.

இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே மண்டபத்தைக் கேட்டால் என்ன ஆகும் என்பதைச் சோதிக்க டெஸ்ட்கேஸ் உதவாது. ஒரே டிரான்சாக்ஷனுக்குள் இரண்டு மனிதர்கள் இருக்க முடியாது. அதற்கு டிரான்சாக்ஷன்டெஸ்ட்கேஸ் வேண்டும். இது உண்மையாகவே கமிட் செய்து, முடிவில் அட்டவணைகளைக் காலி செய்கிறது; அதனால் மெதுவானது. அதற்குள் இணையாக ஓடும் இரண்டு த்ரெட்களை உருவாக்கி, இரண்டும் தயாரானதும் ஒரே சமயத்தில் விடுவித்து, ஒன்று வெல்கிறது, மற்றொன்று மறுக்கப்படுகிறது, அட்டவணையில் ஒரே வரிதான் இருக்கிறது என்று உறுதி செய்கிறோம். ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென ஒரு தரவுத்தள இணைப்பைத் திறக்கிறது என்பதால், முடியும் முன் அதை வெளிப்படையாக மூட வேண்டும். மூடாமல் விட்டால், எல்லாச் சோதனைகளும் தேறிய பிறகு, "இந்தத் தரவுத்தளத்தை மற்றவர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள்" என்று சொல்லி அழிக்கும் வேலை தோற்கும். எங்கள் தொகுப்பிலேயே மிக மெதுவான சோதனை இது. ஒன்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் நீக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் வைத்துக்கொள்வதும் இதைத்தான்.

தரவுத்தளத்தைப் பிரித்ததோடு பிரிவு முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. மின்னஞ்சலை ஜாங்கோ சோதனையின்போது தானே தடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஆனால் அடிக்கடி தேவைப்படுவதைத் தற்காலிகமாக வைக்கும் கேஷுக்கு அப்படி எந்தத் தனி ஏற்பாடும் இல்லை. செட்டிங்ஸில், கேஷை வைத்திருக்கும் ரெடிஸ் மென்பொருளின் முகவரி இருந்தால் சோதனையும் அதே ரெடிஸ்ஸில்தான் எழுதும். லைவ்வின் கேஷில் சோதனை மண்டபம் ஒன்றின் பெயர் போய் உட்கார்ந்தால், அது பயனரின் திரையிலேயே தெரியக்கூடும். பின்னணி வேலைகளை ஓட்டும் செலரியின் பணிவரிசை, பதிவேற்றிய அடையாளச் சான்றுகள் சேரும் கோப்புறை, எஸ்எம்எஸ் நிறுவனத்தின் சாவி ஆகியவையும் அப்படியே. சோதனை செட்டிங்ஸில் கேஷை நினைவகத்துக்கும், கோப்புறையைத் தற்காலிக இடத்துக்கும் மாற்றியிருக்கிறோம். எஸ்எம்எஸ் அனுப்பும் வகுப்புக்குப் பதில் ஒரு பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் வகுப்பை வைத்திருக்கிறோம்.

லைவ் தரவின் நகலைச் சோதனைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்ற யோசனை எப்போதும் வரும். நான் அதற்கு உடன்படுவதில்லை. மணமக்கள் பெயர், கைப்பேசி எண், முகவரி, திருமண நாள் ஆகியவற்றை அந்தக் குடும்பங்கள் மண்டபம் பிடிப்பதற்காகக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிரலாளரின் மடிக்கணினியிலும் இருப்பதற்காகக் கொடுக்கவில்லை. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்காக ஒப்புதல் பெறப்பட்டதோ அந்த நோக்கத்தோடு தரவைக் கட்டுகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் என் நிலைப்பாடு இதுவே. தவிர, நகலெடுத்த தரவில் ஏற்கெனவே நடந்தவை மட்டுமே இருக்கும், நடக்கக்கூடியவை இருக்காது. தேவையான வரிகளை ஒவ்வொரு சோதனையும் தானே உருவாக்கிக்கொள்ள வேண்டும், அந்த வரிகள் நம் ஊர் வாழ்க்கையைப் போல இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 4:30 மணி முகூர்த்தம் உலகப் பொது நேரமான யூடிசியில் சனிக்கிழமை இரவு 11 மணி. ஜாங்கோ தன் தரவுத்தள இணைப்பை யூடிசியில் வைத்திருப்பதால், மாத அறிக்கைக்காகக் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்லில் கையால் எழுதிய வரியில் நேரத்தை நேரடியாகத் தேதியாக மாற்றினால், அந்தத் திருமணம் சனிக்கிழமைக் கணக்கில் சேரும். காலை 10 மணி என்று எளிதான நேரங்களை மட்டும் வைத்து எழுதிய சோதனை இதை ஒருநாளும் காட்டிக்கொடுக்காது.

வேகம் குறைகிறதே என்பது கடைசியாக எழும் குறை. அதற்குத் தீர்வுகள் உள்ளன. சோதனை போஸ்ட்கிரெஸ் தனி டாக்கர் கன்டெய்னரில் ஓடுவதால், வட்டில் எழுதியதை உறுதி செய்துகொள்ளும் 'எஃப்சிங்க்' அமைப்பை அதில் அணைத்துவிடலாம். அது சர்வர் முழுவதற்குமான அமைப்பு, ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் அணைக்க முடியாது. மின்சாரம் போனால் தரவு சிதைந்துவிடலாம் என்பதால் உண்மைத் தரவு இருக்கும் சர்வரில் அதைத் தொடவே கூடாது. சர்வரையே தனியாகப் பிரித்ததால் கிடைத்த கூடுதல் நன்மை இது. கன்டெய்னரின் தரவுக் கோப்புறையை நினைவகத்தில் வைத்தால் இன்னும் வேகம் கூடும். 'பேரலல்' விருப்பத்தைக் கொடுத்தால், ஜாங்கோ சோதனைத் தரவுத்தளத்தை அச்சாக வைத்து எண்ணிட்ட பிரதிகளை உருவாக்கி, சோதனைகளைப் பங்கிட்டு ஓட்டுகிறது. 'கீப்டிபி' என்ற விருப்பம் தரவுத்தளத்தை அழிக்காமல் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளும். மைக்ரேஷன்கள் பெருகிய செயலியில் இது பெரிய உதவி. ஆனால் நிரலின் வேறொரு கிளைக்கு மாறும்போது முந்தைய கிளையின் பத்திகள் அதில் தங்கிவிடும். அதனால் மடிக்கணினியில் மட்டுமே அதைப் பயன்படுத்துகிறோம். தானியங்கிச் சோதனைச் சர்வரில் எல்லாம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே தொடங்கும்.

அந்தச் சோதனைச் சர்வரில், போஸ்ட்கிரெஸ் பிம்பத்தின் பதிப்பை 'லேட்டஸ்ட்' என்று விடாமல், லைவ்வில் ஓடும் முதன்மைப் பதிப்பின் எண்ணையே எழுதி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு முதன்மைப் பதிப்புக்கும் போஸ்ட்கிரெஸ் குழு ஐந்து ஆண்டுகள் ஆதரவு தருகிறது. அதற்குள் லைவ் சர்வரை உயர்த்தியாக வேண்டும். உயர்த்தும் காலம் நெருங்கும்போது, பழைய பதிப்பு, புதிய பதிப்பு இரண்டின் மீதும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சோதனைகள் ஓடும்படி அமைக்கிறோம். லைவ் சர்வர் புதிய பதிப்பில் நிலைத்த பிறகு, பழைய எண்ணை அந்தக் கோப்பிலிருந்து நீக்குகிறோம்.